மூன்று லட்சத்துக்குள் ஒரு நம்பகமான பழைய கார்: தேடுவது முதல் பெயர் மாற்றுவது வரை

என் முதல் காரை 2017-இல் வாங்கினேன். விலை 2 லட்சத்து 40 ஆயிரம். திருச்சியில் பழைய கார் விற்கும் ஒரு கன்சல்டிங்கில், மாலை ஏழு மணிக்கு, ட்யூப் லைட் வெளிச்சத்தில் பார்த்த வெள்ளை வண்டி. பாலீஷ் போட்டு, டயருக்குக் கறுப்பு அடித்து, உள்ளே மல்லிகை வாசனை வேறு. "சிங்கிள் ஓனர் சார், டாக்டர் வண்டி" என்றார்கள். அன்றே டோக்கன் கொடுத்துவிட்டேன்.

நான்காவது மாதம் பவர் விண்டோ நின்றது. அப்புறம் ஒரு பக்க ஹெட்லைட். அப்புறம் காலையில் சாவியைத் திருப்பினால் சில நாள் ஸ்டார்ட் ஆகும், சில நாள் ஆகாது. கடைசியில் ஒரு எலக்ட்ரீசியன் டேஷ்போர்டைக் கழற்றி, வயரிங் கனெக்டருக்குள் காய்ந்து கிடந்த சேற்றை ஸ்க்ரூடிரைவர் நுனியால் சுரண்டிக் காட்டினார். 2015 டிசம்பர் வெள்ளத்தில் முங்கிய வண்டி. பதிவு எண் டிஎன் 11, அதாவது தாம்பரம். நம்பர் பிளேட்டிலேயே எழுதியிருந்தது, எனக்குத்தான் கேட்கத் தோன்றவில்லை.

அதற்குப் பிறகு எனக்கும் சொந்தக்காரர்களுக்கும் நண்பர்களுக்குமாக ஏழெட்டு வண்டி பார்த்து வாங்கிக் கொடுத்திருக்கிறேன். இப்போது ஒரே வரிசையில்தான் போவேன். காசு செலவில்லாமல் வீட்டிலிருந்தபடியே பார்க்கக்கூடியதை முதலில் பார்ப்பது, பிறகு கண்ணால், பிறகு மெக்கானிக், எல்லாவற்றுக்கும் கடைசியில் பணம். பத்து வண்டியில் ஆறேழு வண்டி முதல் கட்டத்திலேயே கழன்றுவிடும். நேரில் போய் ஒரு வண்டியின் மேல் ஆசை வந்துவிட்டால் மனசு அதன் குறைகளுக்குச் சமாதானம் சொல்ல ஆரம்பித்துவிடும். அதனால்தான் இந்த வரிசை.

முதலில் பணத்தைப் பிரித்து வையுங்கள்

கையில் 3 லட்சம் இருக்கிறதென்றால் வண்டியின் விலை இரண்டரை லட்சத்தைத் தாண்டக் கூடாது. மீதி 50 ஆயிரம் வண்டி வந்த முதல் இரண்டு மாதத்தில் தானாகக் கரையும். நான்கு டயர் மாற்ற வேண்டியிருந்தால் சின்னக் காருக்கே 15 ஆயிரத்தை ஒட்டி வரும். பேட்டரி நாலைந்தாயிரம். இன்சூரன்ஸ், பெயர் மாற்றச் செலவு, எல்லா ஆயிலும் மாற்றும் முதல் சர்வீஸ் என்று வரிசையாக நிற்கும். முழுப் பணத்தையும் வண்டியில் போட்டுவிட்டு வழுக்கை டயரோடு ஓட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அதே 3 லட்சத்தில் கொஞ்சம் பழைய மாடலை வாங்கிச் சரிசெய்து ஓட்டுவதுதான் உங்களுக்கும் நல்லது, எதிரே வருகிறவர்களுக்கும் நல்லது.

கடன் வாங்கி வாங்குவதாக இருந்தால் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பழைய காருக்கான வட்டி புதுக் காருக்கானதைவிட அதிகம். அதோடு 2025 செப்டம்பர் 22 முதல் சின்னக் கார்களுக்கான ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்துவிட்டது. புதுக் காரின் விலை இறங்கினால் மூன்று வருஷப் பழைய காரின் விலையும் இறங்கத்தானே வேண்டும்? விற்பவர் இன்னமும் பழைய ஆன்ரோடு விலையை வைத்துக்கொண்டு பேசினால் இன்றைய ஆன்ரோடு விலையைச் சொல்லிவிடுங்கள். ஐந்தாறு லட்சத்துக்குப் பழைய வண்டி தேடுகிறவர்கள் புது ஷோரூமுக்கும் ஒரு நடை போய் வருவது தப்பில்லை. மூன்று லட்சத்துக்கு அந்தக் குழப்பம் இல்லை, பழைய வண்டிதான்.

எந்த வண்டி

இந்த விலைக்குக் கண்ணில் படுவது பெரும்பாலும் 2012-க்கும் 2017-க்கும் இடையில் வந்த சின்னக் கார்கள். ஆல்டோ, வேகன் ஆர், செலேரியோ, ரிட்ஸ், ஐ10, கிராண்ட் ஐ10, பிரியோ, எட்டியோஸ் லிவா. இதில் எது நல்லது என்று கேட்டால், உங்கள் ஊர் மெக்கானிக்குக் கண்ணைக் கட்டிவிட்டாலும் பிரிக்கத் தெரிந்தது எதுவோ அது நல்லது. மாருதிக்குப் பழைய கார் சந்தையில் விலை தூக்கலாக இருப்பதற்குக் காரணமும் அதுதான். மணப்பாறையிலோ முசிறியிலோ நின்றுவிட்டால்கூட சாமான் கிடைக்கும்.

நாட்டை விட்டுப் போன கம்பெனிகளின் கார்கள் விலை குறைவாகக் கிடைக்கும். செவ்ரோலே 2017 இறுதியில் இங்கே விற்பனையை நிறுத்தியது. ஃபோர்டு 2021-இல் இந்தியாவில் கார் தயாரிப்பதை நிறுத்துவதாக அறிவித்தது. டாட்சன் 2022-இல் போனது. ஃபிகோ ஓட்ட அருமையான வண்டி, எனக்கே ஆசை உண்டு. ஆனால் சாமானுக்கு அலைய உங்களுக்கு நேரமும், பழைய கார் சாமான் விற்கும் சென்னை புதுப்பேட்டையில் தெரிந்த கடையும் இருந்தால் மட்டும் அதில் இறங்குங்கள். முதல் கார் வாங்குகிறவருக்கு நான் சொல்ல மாட்டேன்.

டீசலா பெட்ரோலா? மாதம் 1500 கிலோமீட்டருக்குக் குறைவாக ஓட்டினால் பெட்ரோல், யோசிக்கவே வேண்டாம். பழைய டீசலில் இன்ஜெக்டரோ டர்போவோ கைகொடுக்காமல் போனால் மூன்று வருஷம் மிச்சம்பிடித்த எரிபொருள் காசு ஒரே பில்லில் போய்விடும். சிஎன்ஜி அல்லது கேஸ் கிட் போட்ட வண்டியென்றால் அந்த கிட் ஆர்சியில், அதாவது பதிவுச் சான்றில், ஏறியிருக்க வேண்டும். சிஎன்ஜி சிலிண்டருக்கு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை செய்யும் அழுத்தச் சோதனையின் சான்றையும் கேளுங்கள்.

பாதுகாப்பு விஷயத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சட்டென்று பிரேக் அடித்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் எல்லாக் காருக்கும் கட்டாயமானது 2019 ஏப்ரலில். ஓட்டுநர் ஏர்பேக் கட்டாயமானது 2019 ஜூலையில். அதற்கு முந்தைய வண்டிகளில் விலை குறைந்த வேரியண்டில் பெரும்பாலும் இரண்டுமே இருக்காது. அதே மாடலின் மேல் வேரியண்டில் இருக்கும், பழைய வண்டியாக வாங்கும்போது இரண்டுக்கும் விலை வித்தியாசமும் பெரிதாக இருக்காது. அலாய் வீலுக்கும் மியூசிக் சிஸ்டத்துக்கும் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். ஏர்பேக்குக்குக் கொடுங்கள்.

இன்னொன்று டைமிங் பெல்ட், எஞ்சினுக்குள் பிஸ்டனையும் வால்வையும் ஒத்து இயங்க வைப்பது. பழைய சான்ட்ரோ, ஐ10 ஆகியவற்றின் 1.1 லிட்டர் எஞ்சினில் செயினுக்குப் பதில் பெல்ட் இருக்கும். அதை உரிய காலத்தில் மாற்றாமல் அறுந்தால் வால்வு வளைந்து எஞ்சினைப் பிரிக்க வேண்டிவரும். மாற்றிய ரசீது இல்லையென்றால் மாற்றும் செலவை விலையில் கழியுங்கள்.

எங்கே தேடுவது

ஓனரிடமிருந்து நேரடியாக வாங்குவதுதான் என் முதல் தேர்வு. ஓய்வுபெற்ற ஆசிரியர், வங்கி ஊழியர், வெளிநாட்டிலிருக்கும் மகனிடம் போகப்போகும் தம்பதி, இப்படிப்பட்டவர்களின் வண்டி விளம்பரத்துக்கே வருவதில்லை. வாட்ச்மேன், மெக்கானிக், இன்சூரன்ஸ் ஏஜென்ட் வாயிலாகத்தான் கை மாறும். எனவே தேடத் தொடங்கும் முன்பே நம்பகமான மெக்கானிக் ஒருவரிடம் சொல்லி வையுங்கள். அவர் கையால் சர்வீஸ் பார்த்த வண்டி ஒன்று விற்பனைக்கு வந்தால் அதன் ஜாதகமே அவருக்குத் தெரியும்.

கம்பெனிகளின் பழைய கார் ஷோரூம்களிலும் ஸ்பின்னி, கார்ஸ்24 போன்ற இடங்களிலும் விலை கூடும். ஆனால் காகித வேலை ஒழுங்காக இருக்கும், சில மாத வாரண்டியும் கிடைக்கும். அலைய நேரமில்லாதவர்களுக்கு அந்தக் கூடுதல் காசு வீணில்லை. வாரண்டியில் எது அடங்கும், எது அடங்காது என்பதை மட்டும் எழுத்தில் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். கிளட்ச், பிரேக், சஸ்பென்ஷன் அடங்காது என்று அடியில் பொடி எழுத்தில் இருக்கலாம்.

உள்ளூர் கன்சல்டிங்கில் நல்லவர்களும் உண்டு, என் தலையில் கட்டியவரைப் போன்றவர்களும் உண்டு. 2023 ஏப்ரல் முதல் பழைய வண்டி வியாபாரிகள் போக்குவரத்துத் துறையிடம் அங்கீகாரம் பெற வேண்டும் என்ற விதி நடைமுறையில் இருக்கிறது. அந்த அங்கீகாரம் இருக்கிறதா என்று கேளுங்கள். பதில் வருகிறதா, முறைப்பு வருகிறதா என்பதிலேயே பாதி தெரிந்துவிடும்.

ஃபைனான்ஸ் கம்பெனி பிடித்துவைத்த சீசிங் வண்டி, டெல்லி வண்டி இரண்டும் விலையைப் பார்த்தாலே நாக்கில் எச்சில் ஊறும். டெல்லியிலும் சுற்றுவட்டாரத்திலும் 10 வருஷம் தாண்டிய டீசல், 15 வருஷம் தாண்டிய பெட்ரோல் வண்டிகள் ஓடக் கூடாது என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் போட்ட உத்தரவை உச்ச நீதிமன்றம் 2018-இல் உறுதி செய்தது. அதிலிருந்து வயசான டீசல் வண்டிகள் மலிவாகத் தெற்கே இறங்க ஆரம்பித்தன. வெளிமாநில வண்டிக்கு அந்த ஊர் ஆர்டிஓ தரும் தடையில்லாச் சான்று வேண்டும், இங்கே மறுபடி ஆயுள் வரி கட்ட வேண்டும், புது எண் வாங்க வேண்டும். இதெல்லாம் கூட்டினால் மலிவு என்பது காணாமல் போய்விடும். பக்கத்திலேயே இருக்கிறது என்பதற்காகப் புதுச்சேரி வண்டிக்கு விலக்குக் கொடுத்துவிடாதீர்கள், அதற்கும் இதே கணக்குதான்.

பதிவு எண் கிடைத்ததும், வீட்டிலிருந்தே

விளம்பரம் பிடித்திருந்தால் போன் செய்து முதலில் கேட்க வேண்டியது பதிவு எண். "நேரில் வாங்க சார், சொல்றேன்" என்றால் அந்த வண்டியை விட்டுவிடுங்கள்.

எண் கிடைத்ததும் எம்பரிவாஹன் செயலியிலோ பரிவாஹன் தளத்திலோ போட்டால் பதிவான தேதி, எந்த ஆர்டிஓ, எத்தனையாவது ஓனர், என்ன எரிபொருள், இன்சூரன்ஸ் எதுவரை, தகுதிச் சான்று எதுவரை, கடன் பாக்கி இருக்கிறதா என்பது வரை வரும். "ஃபர்ஸ்ட் ஓனர்" என்று விளம்பரத்தில் இருந்து, இங்கே மூன்று என்று காட்டினால் இனி பேச ஒன்றுமில்லை. இ-சலான் தளத்தில் அபராதப் பாக்கியைப் பாருங்கள். ஒருமுறை நண்பருக்காகப் பார்த்த வண்டியில் ஒரு டஜனுக்கு மேல் சலான், எல்லாமே அதிவேகத்துக்கு. "வீட்டு லேடீஸ் கடைக்குப் போக மட்டும் எடுத்த வண்டி" என்று விளம்பரத்தில் போட்டிருந்தார்கள்.

தேதிகளையும் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். சொந்தக் காரின் பதிவு 15 வருஷத்துக்குத்தான் செல்லும். அதன் பிறகு ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பிக்க வேண்டும், 2022 ஏப்ரலில் அதற்கான மத்திய அரசுக் கட்டணமே காருக்கு 5 ஆயிரம் ரூபாயாக உயர்ந்தது. மேலே பசுமை வரி, வண்டியைத் தகுதிக்குக் கொண்டுவரும் டிங்கரிங், பெயிண்டிங் செலவு. 13 வருஷ வண்டி வாங்கினால் இந்தச் செலவு இரண்டு வருஷத்தில் உங்கள் தலையில் விழும்.

ஆர்சியில் கடன் கொடுத்த வங்கியின் பெயர் இருந்தால் கடன் முடிந்ததா, வங்கியின் தடையில்லாச் சான்றும் படிவம் 35-உம் கையில் இருக்கிறதா என்று போனிலேயே கேளுங்கள். "கடன் கட்டியாச்சு, பேரு மட்டும் எடுக்கலை" என்பது அடிக்கடி கேட்கும் வசனம். கடன் கட்டியது உண்மையாகவே இருக்கலாம், ஆனால் அந்தக் காகிதம் இல்லாமல் பெயர் மாறாது. ஓனர் இறந்துபோய் மகன் விற்கிறார் என்றால், வாரிசுச் சான்று கொடுத்து முதலில் வண்டியை மகன் பெயருக்கு மாற்றச் சொல்லுங்கள். அதன் பிறகு வாங்கலாம். டி போர்டிலிருந்து ஓன் போர்டுக்கு மாற்றிய டாக்ஸியா என்பதையும் பாருங்கள். டாக்ஸியாக ஓடிய வண்டியின் கிலோமீட்டரை நம்ப முடியாது.

எனக்கு மிகவும் பயன்பட்டது ஆத்தரைஸ்டு சர்வீஸ் சென்டர். அந்தக் கம்பெனியின் ஏதாவது ஒரு சர்வீஸ் சென்டரில் ஓனரையே கேட்கச் சொன்னால், பதிவு எண்ணை வைத்து எந்தத் தேதியில், எத்தனை கிலோமீட்டரில், என்ன வேலை செய்தார்கள் என்பது வந்துவிடும். 2019-இல் 92 ஆயிரம் ஓடிய வண்டி இன்று 58 ஆயிரம் காட்டுவதெல்லாம் இதில்தான் பிடிபடும். ஓனர் கேட்டுத்தர மறுத்தால் காரணம் உங்களுக்கே புரியும்.

நேரில்: காலையில், எஞ்சின் ஆறியிருக்கும்போது

பகல் வெளிச்சத்தில், வெயிலில் நிறுத்திப் பாருங்கள். மழையிலும் இரவிலும் எல்லா பெயிண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். வருவதற்குமுன் வண்டியை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று முதல்நாளே சொல்லிவிடுங்கள். போனதும் பானட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் எதையோ மறைக்கச் சூடாக்கியிருக்கிறார்கள்.

ஆர்சியில் உள்ள சேசிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் வண்டியில் உள்ளவையும் ஒன்றாக இருக்க வேண்டும். எழுத்தெழுத்தாகப் பாருங்கள். இதில் சின்ன வித்தியாசம் என்று எதுவும் கிடையாது. சரியில்லையென்றால் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

பிறகு வண்டியின் மூலையில் உட்கார்ந்து, பக்கவாட்டில் நீளமாகப் பாருங்கள். பட்டி பார்த்த இடத்தில் வெளிச்சம் நெளியும். கதவு இடுக்குகள் இரண்டு பக்கமும் ஒரே அகலத்தில் இருக்கின்றனவா? மெல்லிய துணி சுற்றிய காந்தம் ஒன்று போதும், பட்டி தடிமனாக இருக்கும் இடத்தில் ஒட்டாது. பம்பரில் கீறல், கதவில் ஒரு பெயிண்ட் வேலை என்பதெல்லாம் நம் ஊர் தெருக்களில் சகஜம், அதற்கு மனம் கோண வேண்டாம். பயப்பட வேண்டியது ஏப்ரன் (எஞ்சினின் இரு பக்கமும் உள்ள உள் தகடு), பில்லர் (கூரையைத் தாங்கும் தூண்), கூரை. கதவின் ரப்பர் பீடிங்கை லேசாக இழுத்துப் பில்லரின் ஸ்பாட் வெல்டிங் புள்ளிகளைப் பாருங்கள். கம்பெனி போட்ட புள்ளிகள் வரிசையாக, சீராக இருக்கும். கையால் போட்டதென்றால் ஒழுங்கில்லாமல் இருக்கும், மேலே பூசி மறைத்தும் இருப்பார்கள். பானட் போல்ட்டுகளில் பெயிண்ட் உரிந்து ஸ்பேனர் தடம் தெரிந்தால் பானட் கழன்று மாட்டப்பட்டிருக்கிறது. ஏன் என்று கேளுங்கள்.

வெள்ள வண்டி விஷயத்தில் நான் சூடுபட்டவன், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். சென்னைப் பதிவு வண்டிகளில் 2015, 2023 டிசம்பர்களை நினைவில் வையுங்கள். நெல்லை, தூத்துக்குடிப் பதிவென்றால் 2023 டிசம்பர். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். சுருளின் உள்ளே இருக்கும் பகுதியை யாரும் கழுவுவதில்லை, சேற்றுக் கோடு அங்கேதான் மிஞ்சும். முன் சீட்டின் அடியில் குனிந்து சீட் நகரும் தண்டவாளத்திலும் போல்ட்டுகளிலும் துரு இருக்கிறதா, டிக்கியில் ஸ்டெப்னி வைக்கும் குழியில் மண் படிந்திருக்கிறதா, ஹெட்லைட்டுக்குள் நீர்க்கறை இருக்கிறதா என்று பாருங்கள். தரைவிரிப்பின் ஓரத்தைத் தூக்கி முகர்ந்து பாருங்கள். மல்லிகை வாசனை தூக்கலாக இருந்தால் சந்தேகப்படுங்கள். பத்து வருஷ வண்டியில் தரைவிரிப்பு மட்டும் புத்தம் புதிதாக இருந்தாலும் அப்படியே.

மீட்டர் காட்டும் கிலோமீட்டரும் வண்டியின் தோற்றமும் ஒத்துப்போகின்றனவா? 40 ஆயிரம் ஓடிய காரில் கிளட்ச் பெடலின் ரப்பர் மழமழவென்று தேய்ந்திருக்காது, ஸ்டியரிங் மினுமினுக்காது, டிரைவர் சீட்டின் ஓரம் குழிந்திருக்காது. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் வருஷம் 23-ஆம் வாரத்தில் செய்தது. ஆறு வருஷம் தாண்டிய டயரைப் பட்டன் தேயாமல் இருந்தாலும் கணக்கில் எடுக்காதீர்கள், ரப்பர் காய்ந்திருக்கும். நான்கில் ஒரு டயர் ஒருபக்கமாகத் தேய்ந்திருந்தால் அலைன்மெண்ட் பிரச்சினையாக இருக்கலாம், அடிபட்ட சேசிஸாகவும் இருக்கலாம்.

ஸ்டார்ட் செய்து, ஓட்டிப் பார்ப்பது

ஆயில் மூடியைத் திறந்து அதன் உட்புறம் பாருங்கள். பாலும் காபியும் கலந்த மாதிரி நுரை ஒட்டியிருந்தால் எஞ்சின் ஆயிலில் தண்ணீர் சேர்ந்திருக்க வாய்ப்பு அதிகம். கூலண்ட் டப்பாவில் பச்சையோ சிவப்போ இல்லாமல் துருத் தண்ணீர் இருந்தால் குழாய்த் தண்ணீர் ஊற்றியே ஓட்டியிருக்கிறார்கள்.

இப்போது ஓனரை ஸ்டார்ட் செய்யச் சொல்லி நீங்கள் சைலன்சர் பக்கம் நில்லுங்கள். நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. குளிர் காலையில் கொஞ்சம் வெள்ளை ஆவி வந்து நின்றால் பரவாயில்லை, சூடான பிறகும் கெட்டியான வெள்ளைப் புகை நிற்கவில்லையென்றால் கூலண்ட் எரிகிறது, ஹெட் கேஸ்கட் வேலை. டீசலில் ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போதெல்லாம் கறும்புகை கக்கினால் இன்ஜெக்டரோ டர்போவோ கேட்கும். வண்டி நின்றபடி எஞ்சின் ஓடும்போதே ஆயில் மூடியைத் தளர்த்தி மேலே வைத்தால், நல்ல எஞ்சினில் அது லேசாக அதிரும். துள்ளிக் குதித்துப் புகையும் வந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டது. "எஞ்சின் கை வைக்காதது சார்" என்பார்கள். கை வைக்க வேண்டிய நிலையில் கை வைக்காமல் விட்டதும் இதில் அடக்கம்.

ஓட்டிப் பார்க்க அரை மணி நேரமாவது கேளுங்கள். கடைத்தெருவைச் சுற்றி வருவது மட்டும் பத்தாது. பைபாஸில் 80 வரை போக வேண்டும், ஒரு மேடு ஏற வேண்டும், குண்டும் குழியுமான ஒரு தெருவிலும் நுழைய வேண்டும். மியூசிக்கை அணைத்துவிடுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து விடாமல் பேசும் புரோக்கரையும் முடிந்தால் இறக்கிவிடுங்கள்.

நேர்ச் சாலையில் ஸ்டியரிங்கை லேசாகப் பிடித்தால் வண்டி ஒருபக்கம் இழுக்கிறதா, பிரேக் பிடித்தால் இழுக்கிறதா, பெடல் துடிக்கிறதா? குழியில் இறங்கும்போது டக் டக் என்று சத்தம் வந்தால் சஸ்பென்ஷன் புஷ், ஷாக் அப்சார்பர் வேலை. ஸ்டியரிங்கை முழுவதும் ஒடித்து மெதுவாகத் திருப்பும்போது கடகடவென்றால் ஆக்ஸில் ஜாயின்ட். கிளட்சுக்கு ஒரு சுலபமான சோதனை உண்டு. மேட்டில் மூன்றாவது கியரில் போகும்போது ஆக்ஸிலரேட்டரை அழுத்துங்கள். சத்தம் கூடி வேகம் கூடவில்லையென்றால் கிளட்ச் வழுக்குகிறது. ஏசியை நண்பகலில், வண்டி நின்ற நிலையில் பத்து நிமிஷம் போட்டுப் பாருங்கள். கம்ப்ரெசர் மாற்ற வேண்டியிருந்தால் 15 ஆயிரத்துக்குக் குறையாது. கிளட்ச் பெடல் இல்லாமல் தானாகக் கியர் மாறும் ஏஎம்டி வண்டியென்றால் நெரிசலில் ஊர்ந்துபோகச் செய்து பாருங்கள், ஒவ்வொரு நகர்வுக்கும் உதறினால் நல்லதில்லை.

மெக்கானிக்

இதுவரை தேறிய வண்டிக்கு மட்டும் மெக்கானிக்கை அழைத்துப் போங்கள். உங்கள் ஆள், உங்கள் காசு. விற்பவர் காட்டும் மெக்கானிக் வேண்டாம். ஆயிரம், ஆயிரத்தைந்நூறு கேட்டால் பேரம் பேசாமல் கொடுத்துவிடுங்கள். லிஃப்டில் தூக்கி அடிப்பாகத்தைப் பார்க்க வேண்டும். ஸ்கேனர் போட்டுப் பழைய பிழைக் குறியீடுகளைப் படிக்க வேண்டும். நேற்றுத்தான் எல்லாப் பிழைகளும் அழிக்கப்பட்டிருந்தால் அதுவும் ஒரு தகவல்.

நான் வழக்கமாகப் போகும் மெக்கானிக் வண்டியைச் சுற்றி வந்துவிட்டு, பெரும்பாலும் ஒரே ஒரு கேள்விதான் கேட்பார்: "தம்பி, இன்னும் எவ்வளவு வச்சிருக்கீங்க?" அந்தத் தொகைக்குள் அவர் சொல்லும் வேலை அடங்கினால் வாங்கலாம். அடங்காவிட்டால் வேண்டாம். செய்ய வேண்டிய வேலையையும் செலவையும் ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

விலை பேசுவது

அந்தத் தாள்தான் உங்கள் பேரம். "கொஞ்சம் குறைச்சுக்கோங்க" என்றால் ஐயாயிரம் குறையும். "டயர் நாலும் போச்சு, கிளட்ச் இந்த வருஷம் மாத்தணும், மொத்தம் 26 ஆயிரம் ஆகுது" என்று எழுத்தில் காட்டினால் பேச்சு வேறு மாதிரி போகும். அதே மாடல், அதே வருஷம், அதே வேரியண்டுக்கு இணையத்தில் கேட்கப்படும் விலைகள் ஆறேழையும் குறித்து வையுங்கள். அது கேட்கிற விலைதான், விற்கிற விலை அதிலிருந்து இறங்கும்.

"இன்னொரு பார்ட்டி சாயங்காலம் வர்றாங்க" என்பார்கள். வரட்டும்.

பணமும் காகிதமும் ஒரே மேஜையில்

டோக்கன் கொடுத்தால் வங்கி வழியாகக் கொடுங்கள். எந்த நிபந்தனையில் திரும்பக் கிடைக்கும் என்று வாட்ஸ்அப்பிலாவது எழுதி வாங்குங்கள். மீதிப் பணமும் வங்கி வழியாகத்தான், ஆர்சியில் பெயர் உள்ளவரின் கணக்குக்கே போக வேண்டும். ஒரே பரிவர்த்தனையில் 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவது வருமான வரிச் சட்டப்படி குற்றம். அபராதம் வாங்குகிறவருக்குத்தான் என்றாலும், கொடுத்ததற்குச் சாட்சி இல்லாமல் நிற்பது நீங்கள்.

விற்பவர் கையெழுத்திட வேண்டிய படிவங்கள் 29, 30. வெளி ஆர்டிஓ எல்லைக்கோ வெளிமாநிலத்துக்கோ போகிறதென்றால் 28-உம் கேட்பார்கள். கடன் இருந்து முடிந்த வண்டிக்கு 35-உம் வங்கிச் சான்றும். அசல் ஆர்சி, இன்சூரன்ஸ், புகைச் சான்று, இரண்டு சாவி, விற்பவரின் அடையாள அட்டை நகல் எல்லாம் அதே நேரத்தில் கைமாற வேண்டும். வெற்றுப் படிவத்தில் யாரும் கையெழுத்துப் போட வேண்டாம், வாங்கவும் வேண்டாம். ஆன்லைன் விண்ணப்பத்துக்கான ஓடிபி ஆர்சியில் பதிந்த கைபேசி எண்ணுக்குப் போகும். அந்த எண் இன்னும் அவரிடம்தான் இருக்கிறதா என்று முன்பே கேட்டு வையுங்கள், இல்லையென்றால் இதற்கே இரண்டு வாரம் அலைவீர்கள்.

டெலிவரி நோட் என்று ஒரு தாள் எழுதி, தேதியோடு மணியையும் போட்டு இருவரும் கையெழுத்திடுங்கள். மாலை 5.20-க்கு வண்டி கைமாறியது என்றால், 4 மணிக்கு அது வாங்கிய சலானும் இடித்த சைக்கிளும் உங்களுடையவை அல்ல.

பெயர் மாற்றத்தைத் தள்ளிப்போடாதீர்கள். சட்டப்படி விற்றவர் அதே மாநிலத்துக்குள் 14 நாளில் தெரிவிக்க வேண்டும், வாங்கியவர் 30 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். விற்கிறவருக்குத்தான் இதில் அவசரம் அதிகம் இருக்க வேண்டும். வண்டியை விற்ற பிறகும் ஆர்சியில் பெயர் இருக்கும்வரை விபத்து இழப்பீட்டுப் பொறுப்பு பதிவுபெற்ற ஓனருடையதுதான் என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்திருக்கிறது. "மெதுவா மாத்திக்கலாம் சார்" என்று ஒரு ஓனரே சொன்னால், அவர் இதைக் கேள்விப்படவில்லை என்று அர்த்தம். சொல்லிவிடுங்கள், மறுநாளே உங்களோடு ஆர்டிஓ அலுவலகத்துக்கு வந்து நிற்பார்.

இன்சூரன்ஸையும் 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள். மூன்றாம் நபருக்கான காப்பு வண்டியோடு வந்துவிடும். உங்கள் வண்டியின் சேதத்துக்கான காப்பு அப்படி வராது, பெயர் மாறாமல் இடித்துக்கொண்டால் கம்பெனி கையை விரிக்கும். கிளெய்ம் எடுக்காத வருஷங்களுக்காகப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடியான நோ கிளெய்ம் போனஸ் பழைய ஓனருக்குச் சொந்தம். அவர் அதைத் தன் புது வண்டிக்கு எடுத்துப்போவார், வித்தியாசத் தொகையை நீங்கள் கட்ட வேண்டியிருக்கும். இதையும் முதலில் பிரித்து வைத்த 50 ஆயிரத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வண்டி வீட்டுக்கு வந்த பிறகு

முதல் வாரமே எஞ்சின் ஆயில், ஃபில்டர்கள், கூலண்ட், பிரேக் ஆயில் எல்லாவற்றையும் மாற்றுங்கள். போன மாதம்தான் மாற்றியது என்று ஓனர் சொல்லியிருந்தாலும் மாற்றுங்கள். இனி அடுத்த மாற்றம் எப்போது என்று உங்களுக்குத் தெரியும் அல்லவா, அதற்காகத்தான். பழைய ஓனரின் ஃபாஸ்டேக்கை அவரை வைத்தே மூடச் சொல்லி, கண்ணாடியிலிருந்து சுரண்டி எடுத்துவிட்டுப் புதிது வாங்குங்கள். இல்லையென்றால் நீங்கள் சமயபுரம் டோலைத் தாண்டும்போதெல்லாம் அவருக்குக் குறுஞ்செய்தி போய்க்கொண்டிருக்கும்.

தமிழ்நாட்டில் இப்போது ஆர்சி விரைவுத் தபாலில்தான் வீட்டுக்கு வருகிறது. விண்ணப்பத்தில் கதவு எண், பின்கோடு, கைபேசி எண் மூன்றையும் இரண்டு தடவை சரிபாருங்கள். ஆள் இல்லை, முகவரி சரியில்லை என்று திரும்பிப்போனால் மறுபடி அந்த அலுவலகத்தின் பின்னால்தான் நடக்க வேண்டும். தபால்காரரிடம் கையெழுத்துப் போட்டு வாங்கியதும் அங்கேயே உறையைப் பிரித்து, உங்கள் பெயரின் எழுத்தையும் சேசிஸ் எண்ணையும் ஒருமுறை வண்டியோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.